விரதக்காரர்களோடு பிரெஞ்சு விருந்து: சௌசௌ கிராத்தேன் போதும்

சகோதரி, நீங்கள் எழுதியபடி சனிக்கிழமை பிரெஞ்சு விருந்துக்கு எட்டுப் பேர், அவர்களில் இருவர் காவடி விரதம், நீங்களோ இரவு முழுவதும் அடுப்படியில் நிற்க விரும்பவில்லை. அப்படியானால் ஒயினில் வேகும் கோழியை மறந்துவிடுங்கள். ரெயூனியன் தீவில் இருந்துகொண்டு, நம் சலாசி மலையூரில் விளையும் சௌசௌவை விட்டுவிட்டு வேறெதற்கு?

கிராத்தேன் என்பது மேலே பாலாடைக்கட்டி தூவி ஓவனில் சுட்டெடுக்கும் பதார்த்தம். சௌசௌவை வேகவைத்து மசித்து, துணியில் கட்டி நன்றாகப் பிழியுங்கள். இதில் சோம்பினால் தட்டின் அடியில் தண்ணீர் தேங்கும். 50 கிராம் வெண்ணெயில் 50 கிராம் மைதாவை நிறம் மாறாமல் வறுத்து, அரை லிட்டர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கெட்டியாகும்வரை கிளறினால் பெஷமெல் என்ற வெள்ளைச் சாஸ் தயார். சாதிக்காய் ஒரு சிட்டிகை. இரண்டையும் கலந்து காலையிலேயே தட்டில் பரப்பிவிடலாம். விருந்தினர் வந்ததும் ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் பொன்னிறமாகும்வரை வைத்தால் போதும்.

மேலே தூவும் பாலாடைக்கட்டியில்தான் கவனம் வேண்டும். கிரூயேர், கோம்தே இரண்டும் கன்றின் வயிற்று நொதியால் உறையவைக்கப்படுபவை. அது சைவமல்ல, ஆகவே நுண்ணுயிர் நொதி என்று அட்டையில் போட்டிருக்கும் வேறு பாலாடைக்கட்டியை வாங்குங்கள். இல்லையேல் விரதக்காரர்களுக்கு ரொட்டித்தூள் தூவித் தனித்தட்டு.

கூடவே முந்தைய நாளே செய்த ரத்தத்தூய், அதாவது கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய் சேர்த்து வேகவைத்த பிரெஞ்சுக் காய்கறிக் கூட்டு. மறுநாள்தான் அதற்கு ருசி கூடும். தொடக்கத்துக்குக் காய்கறிச் சமோசா, நிறைய பகேத் ரொட்டி. பிரெஞ்சு முறைப்படி பாலாடைக்கட்டித் தட்டு இனிப்புக்கு முன்னால் வரவேண்டும். கிளாஃபுதி என்ற பழ இனிப்பில் முட்டை உண்டு, ஆகவே இனிப்புக்கு விக்டோரியா அன்னாசியையே நறுக்கி வையுங்கள். மாமியார் முகம் சுளித்தால் கிராத்தேனை இன்னொரு கரண்டி பரிமாறுங்கள்.