பெரம்பூரா, சோழிங்கநல்லூரா?

அண்ணா வணக்கம். சென்னைல வீடு பெரம்பூர், வேலை சோழிங்கநல்லூர்ல ஐடி கம்பெனி. போக ஒன்றரை மணி நேரம், திரும்பி வர ரெண்டு. நாலு வயசுப் பையன் முழிச்சிருக்கறப்ப அவன பாக்கறதே இல்ல. ஆபீஸ் இருக்கற ஓஎம்ஆர் ரோடு பக்கம் வாடகைக்கு போலாம்னா, ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரில ரிட்டயர் ஆன அப்பா "வேலைக்காக எவனாவது வீட்ட விட்டுப் போவானா"ங்கறார். போறது தப்பாண்ணா?

தம்பி, தப்பே இல்ல, போங்க. அப்பா பெரம்பூர்ல இருக்கறதே வேலையாலதானே. ஐசிஎஃப் வந்தது 1955ல, ரயில்வே ஒர்க்ஷாப்லாம் அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு, அந்தப் பக்கம் பின்னி துணி மில்லு. சங்கு ஊதினா நடந்தே கேட்டுக்குப் போயிடற தூரத்துல வீடு வேணும்னு எங்கெங்கேந்தோ வந்து அயனாவரம், ஓட்டேரி, புளியந்தோப்புன்னு நெருக்கியடிச்சு குடியேறினாங்க. 1996ல மில்ல மூடிட்டாங்க, ஆனா ஜனங்க போகல, அதுக்குள்ள பசங்க ஸ்கூலு, ரேஷன் கார்டு, பொண்ணு குடுத்த வீடுன்னு எல்லாமே அங்கயே ஆயிடுச்சு. அப்பாவுக்கும் அதான், பொழைக்க வந்த எடம் சொந்த ஊராயிடுச்சு.

ஆனா அவசரப்பட்டு லோன் போட்டு ஃபிளாட் வாங்கிடாதீங்க. அவருக்கு ரிட்டயர் ஆகறவரைக்கும் ஒரே கேட்டு, உங்களுக்கு நாளைக்கே ஆபீஸ் அம்பத்தூருக்கு மாறலாம். மாதவரத்துலேந்து சிறுசேரி வரைக்கும் கட்டிட்டிருக்க மெட்ரோ பெரம்பூர், சோழிங்கநல்லூர் ரெண்டு வழியாவும்தான் போகுது, அது வர்ற வரைக்கும் வாடகை போதும்.

இன்னொண்ணும் சொல்லணும், மனசு ஆறல. போற வழில துரைப்பாக்கத்துல கண்ணகி நகர் இருக்கே, 2000லேந்து ஊருக்குள்ள குடிசைல இருந்தவங்கள அங்கதான் கொண்டுபோய் விட்டாங்க, 2015 வெள்ளத்துக்கப்புறம் ஆத்தோரம் இருந்தவங்கள பெரும்பாக்கத்துக்கு. ஊருக்குள்ள நாலு வீட்ல பாத்திரம் தேய்ச்சுட்டிருந்த அம்மா, விடிய காலைல அங்கேந்து எந்த பஸ்ஸ புடிச்சு அந்த வீடுகளுக்கு வந்து சேருவாங்க? வீடு குடுத்தாச்சுன்னு கணக்கு எழுதினவங்க, அவங்க நடந்து போய்ட்டிருந்த வேலைய கணக்குலயே எடுக்கல. எங்க இருக்கறதுன்னு யோசிக்கறதுக்கு உங்களுக்கும் எனக்கும் கெடச்ச வாய்ப்பு அவங்களுக்கு ஒருநாளும் கெடைக்கல தம்பி.

அப்பாகிட்ட சண்ட போடாதீங்க. பெரம்பூருக்கு மொதமொதல்ல எந்த வீட்டுக்கு, எவ்ளோ அட்வான்ஸ் குடுத்து வந்தார், அப்ப தாத்தா என்ன சொன்னார்னு கேளுங்க. அவர் சொல்றத எனக்கும் எழுதுங்க.