வாசலில் பெட்டி வாங்கும் வேலை

தங்கச்சி, நீ கேட்டது இதுதானே: கிரீன் கார்டு வந்துவிட்டது, அடுத்த மாதம் குன்னூரிலிருந்து டாலஸ் போகிறாய். அங்கே விமான நிலைய வாசலில், பயணிகள் காரை விட்டு இறங்கியதுமே பெட்டியை வாங்கிக்கொள்ளும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். சம்பளம் குறைவு, டிப்ஸ் நன்றாக வரும் என்று உன் வீட்டுக்காரரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இப்போது பெட்டிக்கெல்லாம் காசு வாங்குகிறார்களே, அந்த வேலையில் சேரலாமா என்று கேட்டிருக்கிறாய்.

நான் 15 வருடம் ஒரு நடுத்தர ஊர் விமான நிலையத்தில் கவுண்டரில் நின்றவள். அதில் முதல் ஒன்றரை வருடம் வாசலில்தான். இப்போது லீவில் கோத்தகிரி வந்திருக்கிறேன். காலையிலிருந்து மூடுபனி, கரண்ட் வேறு இல்லை. போனில் சார்ஜ் இருக்கிறவரை எழுதுகிறேன்.

சேரலாம். ஆனால் டிப்ஸை நம்பிச் சேராதே.

அந்த வேலைக்கு ஸ்கைகேப் என்று பெயர். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் சிவப்புச் சட்டைக்காரர் நிற்பார் இல்லையா, அமெரிக்க ரயில் நிலையங்களில் அந்த வேலை பார்ப்பவரை ரெட்கேப் என்பார்கள். விமான நிலையத்துக்கு வந்ததும் அது ஸ்கைகேப் ஆகிவிட்டது. வெறும் சுமை தூக்கும் வேலை என்று நினைக்காதே. அடையாள அட்டையைப் பார்த்து, எடை போட்டு, டேக் ஒட்டி, பெல்ட்டில் ஏற்றி அனுப்ப வேண்டும். டேக் மாறினால் டாலஸ் பெட்டி டென்வர் போய் நிற்கும். பெரும்பாலும் இவர்கள் விமான நிறுவனத்து ஆட்களே இல்லை, கான்ட்ராக்ட் கம்பெனி ஆட்கள். அது பயணிகள் யாருக்கும் தெரியாது.

என்னைப் பழக்கிய பெரியவர் முப்பது வருடமாக அதே வாசலில் நின்றவர். பெட்டிக் கைப்பிடியில் இரண்டு விரலை விட்டு ஒரு அங்குலம் தூக்குவார். "ஐம்பத்திரண்டு" என்பார். தராசில் வைத்தால் ஐம்பத்திரண்டு பவுண்டுதான் காட்டும். எனக்கு எங்கள் அம்மா ஞாபகம் வரும். தேயிலைக் கொழுந்துச் சாக்கைத் தலையில் ஏற்றும்போதே அம்மா எடை சொல்லிவிடுவார். ஆனால் நிறுக்கிற இடத்தில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து வேறு கணக்கு எழுதுவார்கள். பெரியவருக்கு வர வேண்டிய காசிலும் அப்படி ஒரு பிடித்தம் உண்டு. அது எப்படி வந்தது என்று சொன்னால்தான் உன் கேள்விக்குப் பதில் வரும்.

முன்பெல்லாம் வாசலில் பெட்டி கொடுப்பதற்கென்று தனிக் கட்டணம் கிடையாது. பெட்டிக்கு ஒன்றோ இரண்டோ டாலரை ஸ்கைகேப் கையில் வைத்துவிட்டுப் போவார்கள். அதுதான் அவர்களுக்கு உண்மையான சம்பளம். 2005-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சில ஊர்களில் வாசலில் வாங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் 2 டாலர் என்று கட்டணம் போட்டது. வாங்குவது ஸ்கைகேப், பணம் போவது கம்பெனிக்கு. பயணிக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? கொடுத்தாயிற்றே என்று போய்விடுவார்.

நம் மலை பஸ்ஸையே எடுத்துக்கொள். கேரட் மூட்டையைப் பார்த்ததும் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார். காசு போக்குவரத்துக் கழகத்துக்குப் போகிறது, வசவு மட்டும் கண்டக்டருக்கு. ஆனால் அவருக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. மூட்டையை மேலே ஏற்றியவருக்குக் கொடுக்க வேண்டிய காசையும் அந்த டிக்கெட்டிலேயே சேர்த்துக்கொண்டார்கள் என்றால் எப்படி இருக்கும்? அதுதான் அங்கே நடந்தது.

பாஸ்டன் விமான நிலையத்து ஸ்கைகேப்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சேவைக் கட்டணம் என்று வாங்கினால் அது சேவை செய்தவருக்குத்தான் சேர வேண்டும் என்று அந்த மாநிலத்தில் டிப்ஸ் சட்டம் ஒன்று இருக்கிறது. 2008-இல் ஜூரி அவர்கள் பக்கம் நின்று, ஒன்பது பேருக்கு ஏறக்குறைய 3.25 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. எங்கள் பெரியவர் அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து கத்தரித்து லாக்கர் கதவில் ஒட்டி வைத்திருந்தார். 2011-இல் மேல் கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது. விமானக் கட்டணமும் சேவையும் மத்திய சட்டத்துக்கு உட்பட்டவை, மாநிலச் சட்டம் அதில் தலையிட முடியாது என்று தீர்ப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அந்தப் பேப்பர் மஞ்சளாகி ஒரு ஓரம் கிழிந்திருந்தது. அவர் அதை எடுக்கவே இல்லை.

அதற்குள் பெட்டிக் கட்டணமே ஊர் வழக்கமாகிவிட்டது. அதே 2008-இல் எண்ணெய் விலை ஏறிய நேரத்தில் முதல் பெட்டிக்கே 15 டாலர் என்று ஆரம்பித்தார்கள். டாலஸைத் தலைமையிடமாகக் கொண்ட சவுத்வெஸ்ட் மட்டும் இரண்டு பெட்டி இலவசம் என்று அதையே விளம்பரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதுவும் 2025 மே 28 முதல் எடுத்த டிக்கெட்டுகளுக்கு முதல் பெட்டி 35 டாலர், இரண்டாவது 45 டாலர் என்று வாங்கத் தொடங்கிவிட்டது. போனிலேயே 80 டாலர் கட்டிவிட்டு வருகிறவர் வாசலில் நிற்பவருக்கு இன்னொரு ஐந்து டாலரை எடுப்பாரா? பாதிப்பேர் கையில் நோட்டே வைத்திருப்பதில்லை. ஒரு தடவை ஒரு அம்மா எங்கள் பெரியவரிடம், "உங்களுக்குத்தான் அறுபது டாலர் கட்டியாச்சே" என்றார். அவர் தொப்பியைத் தொட்டு நன்றி சொன்னார். அன்று வெளியே மைனஸ் 12 டிகிரி. ஊட்டியில் உறைபனி பார்த்த பிள்ளைதான் நீயும், ஆனால் அது வேறு, இது வேறு.

சம்பளத்தில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. டிப்ஸ் வாங்கும் வேலைக்கு மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991-லிருந்து அதே தொகைதான், டெக்சாஸிலும் அதுதான். டிப்ஸ் சேர்த்தும் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலர் வரவில்லை என்றால் மீதியை முதலாளி போட வேண்டும். ஆனால் அதைக் கேட்டு வாங்க நீ தினமும் டிப்ஸ் கணக்கை எழுதி வைத்திருக்க வேண்டும். அதனால் இன்டர்வியூவில் கூச்சப்படாமல் கேள்: டிப்ஸ் சேர்க்காமல் மணிக்கு எவ்வளவு? வேலைக்கு வருகிறவர்களின் கார் பார்க்கிங் காசு யாருடையது? இலவச விமான டிக்கெட் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் உண்டா? மழுப்பினார்கள் என்றால் எழுந்து வந்துவிடு. நான் கேட்கவில்லை. அந்த ஒன்றரை வருடமும் பார்க்கிங்குக்கே மாதம் ஒரு நாள் சம்பளம் போனது.

உள்ளே கவுண்டர் வேலை கிடைத்தால் அதை எடு. டிப்ஸ் இல்லை, ஆனால் மணிக்கூலி நிச்சயம். திட்டு அங்கேயும் உண்டு, சொல்லிவிடுகிறேன். 50 பவுண்டு, அதாவது நம் 23 கிலோவைத் தாண்டினால் நூறு டாலர், சில நிறுவனங்களில் அதற்கு மேலும் வாங்கச் சொல்வார்கள். நம் ஆட்கள் குடும்பத்தோடு தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, இட்லிப் பானையை இதிலிருந்து அதற்கு மாற்றுவார்கள். பின்னால் வரிசை முணுமுணுக்கும். தமிழில் பேசிப் பார்ப்பார்கள், "நம்ம ஊர்ப் பொண்ணுதானே, ரெண்டு கிலோ விடும்மா" என்று. விட முடியாது. என் பெயரில் பதிவாகும்.

விமானத்துக்குள் நிற்பவர்கள் நிலைமையும் இதே கதைதான். கட்டணத்துக்குப் பயந்து எல்லோரும் பெட்டியைக் கையோடு கொண்டுபோவதால், சீட்டுக்கு மேலே பெட்டி வைக்கும் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். விமானம் ஏறும் கேட்டில் நிற்பவர் கடைசி முப்பது பேரிடம் பெட்டியைப் பிடுங்க வேண்டும். பணிப்பெண்களுக்கு இன்னும் சில நிறுவனங்களில் கதவு சாத்திய பிறகுதான் சம்பள மணி ஓடும். அந்தப் பெட்டிச் சண்டை முழுக்க இனாம் உழைப்பு. ஆட்கள் ஏறும் நேரத்துக்கும் சம்பளம் என்று பெரிய நிறுவனங்களில் முதலில் டெல்டா 2022-இல்தான் ஆரம்பித்தது, அதுவும் பாதி ரேட்டில்.

உன் பயணத்துக்கும் இரண்டு வார்த்தை. டாலஸ் வரைக்கும் ஒரே டிக்கெட்டாக எடு. அப்படி எடுத்தால் இந்தியாவில் சொன்ன பெட்டிக் கணக்கே கடைசிவரை செல்லும். முதலில் இறங்கும் அமெரிக்க ஊரில் பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி பெல்ட்டில் போட்டால் போதும். உள்நாட்டு விமானத்துக்குத் தனி டிக்கெட் என்றால் அங்கே பெட்டிக்குத் தனிக் காசு. வர்க்கி, டீத்தூள் எல்லாம் கொண்டுபோ. நீலகிரித் தைலம் வேண்டாம், தீப்பற்றும் திரவம் என்று எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். கேட்டில் பெட்டியைக் கேட்டால் அதை முதலில் வெளியே எடுத்துக்கொள். வாசலில் ஸ்கைகேப்பிடம் கொடுத்தால் பெட்டிக்கு இரண்டு மூன்று டாலர் நோட்டாகக் கொடு.

நான் இருபதாம் தேதி வரை இங்கேதான். அண்ணன் வீட்டில் பழைய கொழுந்துத் தராசு விட்டத்தில் இன்னும் தொங்குகிறது. பெட்டி கட்டியதும் ஒரு நாள் பஸ் ஏறி வா, மாட்டிப் பார்த்துவிடலாம். கண்டக்டர் லக்கேஜ் போட்டால் கொடுத்துவிடு, அவரோடு சண்டை வேண்டாம்.