வில்லனுக்கு என்ன அவசரம்?

கேள்வி: பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேரின் 'தார்த்தூஃப்' நாடகத்தை ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கிப் போடப்போகிறோம். வில்லனான போலிச்சாமியார் தார்த்தூஃப் மூன்றாம் அங்கத்தில்தான் வருகிறான். முதல் காட்சியிலேயே கொண்டுவந்து நாலு சேட்டை செய்ய வைத்தால் என்ன?

பதில்: கூட்டம் பத்து நிமிஷம் சிரிக்கும். பிறகு, 'இந்தக் கோமாளியையா குடும்பத்தலைவன் ஒர்கோன் நம்பி வீட்டில் வைத்திருக்கிறான்?' என்று கேட்கும். நாடகம் அங்கேயே படுத்துவிடும்.

வில்லனின் வரவுக்கு ஆயத்தமாக இரண்டு அங்கங்களை முழுசாகச் செலவிட்டதாக மொலியேரே 1669 முன்னுரையில் சொல்கிறார். போலிச்சாமியாரைப் பற்றிய நாடகம் என்று 1664லிருந்து தடையோடு மல்லுக்கட்டியவர். வில்லனை எங்கே நுழைப்பது என்று உங்களையும் என்னையும்விட அதிகம் யோசித்திருப்பார்.

மோதல் தார்த்தூஃபிடம் இல்லை, ஒர்கோனுக்கும் அவன் குடும்பத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஊரிலிருந்து திரும்பிய ஒர்கோனிடம், அவன் மனைவி எல்மீருக்குக் காய்ச்சல் வந்தது என்கிறாள் வேலைக்காரி தோரீன். 'தார்த்தூஃப் எப்படி இருக்கிறார்?' என்கிறான் அவன். இரண்டு கௌதாரியும் பாதி ஆட்டுத்தொடையும் தின்றார் என்றால், 'ஐயோ பாவம்!' இப்படியே நாலு முறை. தோரீன் கேலியாகப் பேசலாம். ஒர்கோன் நிஜமாகவே உருக வேண்டும். அவனும் கண்ணடித்தால் காட்சி போச்சு.

நாலாம் அங்கத்து மேஜைக் காட்சிதான் பெரிய கண்டம். தன்மேல் கண்வைத்த தார்த்தூஃபின் சுயரூபத்தைக் காட்ட, எல்மீர் புருஷனை மேஜைக்கடியில் ஒளித்துவிட்டுத் தார்த்தூஃபை வரவழைக்கிறாள். விரிப்பு தரைவரை தொங்கட்டும். அடியில் ஒளிந்திருக்கும் ஒர்கோன் தலையை நீட்டி முகம் சுளிக்கவே கூடாது. எல்மீர் இருமுகிறாள், புருஷன் வெளியே வரவில்லை, மறுபடி இருமுகிறாள். தார்த்தூஃப் தொண்டைக்கு அதிமதுர மிட்டாய் நீட்டுகிறான்! அந்த அசையாத விரிப்பைப் பார்த்துத்தான் சிரிப்பு வரும். எல்மீருக்கு ஆபத்து நிஜமாக இருந்தால்தான் அதுவும். ஆகவே தார்த்தூஃபாக நடிப்பவர் ஒரு இடத்திலும் தமாஷ் பண்ண வேண்டாம். அவன் காரியவாதி, வேடிக்கைக்காரன் இல்லை.

சுருக்க இடமா இல்லை? இரண்டாம் அங்கத்துக் காதலர் ஊடலையும் மைத்துனன் கிளேயாந்தின் நீண்ட உபதேசங்களையும் தாராளமாக வெட்டுங்கள். ஒர்கோன் மகனை விரட்டி, வீட்டைத் தார்த்தூஃபுக்கு எழுதிக் கொடுக்கும் இடத்தில் கை வைக்காதீர்கள். எழுதிக் கொடுத்தால்தானே ஐந்தாம் அங்கத்தில் காலிசெய்யச் சொல்லி அமீனா வர முடியும்? அவரையும் பணிவாகவே பேச விடுங்கள். அதட்டினால் பயம் போய்விடும்.