ஆஸ்திரேலிய மலையூரான கப்ரமுராவில் காசு கொடுத்தாலும் வீடு வாங்க முடியாதாமே, ஏன்?

ஆமாம், முடியாது. அங்கே இருக்கிற வீடெல்லாம் ஸ்னோயி ஹைட்ரோ என்கிற மின் நிறுவனத்துடையவை. வேலை இருந்தால் வீடு, வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நம்மூர் குவார்ட்டர்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஊரே குவார்ட்டர்ஸ்.

ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் ஆண்டு முழுக்க மக்கள் வசிக்கும் மிக உயரமான ஊர் என்று பெயர் பெற்றது இது, 1,488 மீட்டர். 1949-ல் தொடங்கிய ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்துக்காகவே 1950-களில் உருவானது. கிழக்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து மேற்கே திருப்பி, விழுகிற வழியில் மின்சாரம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வயலுக்கு விடுகிற திட்டம் அது. போருக்குப் பிந்தைய ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் உட்பட, 1974-க்குள் 1,00,000-க்கும் மேற்பட்டவர்கள் இதில் உழைத்தார்கள். 121 பேர் உயிரிழந்தார்கள்.

பக்கத்திலுள்ள டூமுட்-1 மின்நிலையம் தரைக்கு 300 மீட்டருக்கும் கீழே, பாறைக்குள் இருக்கிறது. பனி கொட்டும்போது தினமும் அடிவாரத்திலிருந்து ஏறி வந்து அதைப் பார்த்துக்கொள்ள முடியுமா? அதனால்தான் அந்த உச்சியில் ஓர் ஊர். அங்கே கட்டிய வீடுகளின் கூரைகள் செங்குத்தாகச் சரிந்திருந்தன. பனி தங்காமல் வழுக்கி விழுவதற்காக அப்படி.

ஆனால் ஊரைப் பதம்பார்த்தது பனியல்ல, நெருப்பு. 2020 ஜனவரிக் காட்டுத்தீயில் பல வீடுகள் சாம்பலாகின.