ஆய்வின் குறைகளை நாமே எழுதிக் கொடுத்தால் தேர்வாளர் அதையே பிடித்துக்கொள்ள மாட்டாரா?

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் தறுவாயில் இருப்பதாகவும், ‘ஆய்வின் வரம்புகள்’ என்ற பகுதி இல்லையென்று நெறியாளர் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குறைகளை நாமே பட்டியலிட்டுக் கொடுப்பது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதாகாதா என்பது உங்கள் கேள்வி. இதே அச்சம் எனக்கும் இருந்தது. அதனால் நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் மூலம் கடன் பெற்ற பெண்களின் வருமானம் உயர்ந்ததா என்பதே என் ஆய்வு. 120 பேரை வினாநிரலுடன் சந்தித்தேன். ஆய்வேட்டின் இறுதியில் வரம்புகள் என்ற தலைப்பில் மூன்று வரிகள் எழுதியிருந்தேன்: காலமும் பொருளும் போதாமையால் ஆய்வு ஒரே ஒன்றியத்துடன் நிறுத்தப்பட்டது, மாதிரியின் அளவு சிறியது, பதிலளித்தோர் கூறிய விவரங்கள் உண்மையென்றே கொள்ளப்பட்டன. துறை நூலகத்திலிருந்த பழைய ஆய்வேடு ஒன்றைப் பார்த்து, சொற்களை மட்டும் மாற்றி எழுதியவை அவை. அந்தப் பழைய ஆய்வேடும் வேறொன்றைப் பார்த்துத்தான் எழுதப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்த மூன்று வரிகளைத் தொடவே இல்லை. “இந்த 120 பேரின் பெயர்ப் பட்டியலை உங்களுக்கு யாரம்மா கொடுத்தார்கள்?” என்று கேட்டார். குழுத் தலைவிகள் கொடுத்தார்கள் என்றேன். கடனைக் கட்ட முடியாமல் குழுவிலிருந்து விலகியவர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்களா என்றார், இல்லை. நீங்கள் கேள்வி கேட்டபோது தலைவி எங்கே இருந்தார் என்றார். பெரும்பாலான வீடுகளில் அதே திண்ணையில், எங்கள் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். கடன் தொகையைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அந்தப் பெண்கள் வாய் திறக்கும் முன் தலைவியின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

நீடித்தவர்களை மட்டும் எண்ணி, அதையும் தலைவியின் காது கேட்கும் தொலைவில் கேட்டு எழுதினால், வருமான உயர்வு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரிவதற்கே வாய்ப்பு அதிகம். என் ஆய்வின் மெய்யான வரம்பு இதுதான். நான் எழுதிய மூன்று வரிகளில் இது இல்லை. முடிவுரையைத் திருத்தித் தரச் சொன்னார்கள். “குழுக் கடன் பெண்களின் வருமானத்தை உயர்த்துகிறது” என்றிருந்த வாக்கியம், “குழுவில் நீடித்த பெண்கள் தம் வருமானம் உயர்ந்ததாகக் கூறினர்” என்று சுருங்கியது. ஒரு குறையை எழுதும்போது அது நம் முடிவை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்பதையும், அதனால் எந்த வாக்கியத்தை எவ்வளவு தணிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால், அது வெறும் மன்னிப்புக் கடிதமாகவே நின்றுவிடுகிறது.

‘மாதிரி சிறியது’ என்ற வரியை எல்லோரும் எழுதுகிறோம். பெரிய மாதிரி இருந்தால் மட்டும் போதுமா? 1936இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலில் மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று இதழ் கணித்தது. ஆனால் 48 மாநிலங்களில் 46 அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட்டுக்குப் போயின. முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிக் கையேடுகளிலிருந்தும் கார் பதிவேடுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பொருளாதார மந்தக் காலத்தில் அவை வசதியுள்ளோரின் பட்டியல்கள். போதாதற்குச் சீட்டைத் திருப்பி அனுப்பியோர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. என் தலைவிகள் கொடுத்த பட்டியலுக்கும் இதற்கும் எண்ணிக்கையில்தான் வேறுபாடு.

தமிழ் ஆய்வேடுகளில் ‘ஆய்வெல்லை’ என்று ஒரு பகுதி வழக்கமாக இருப்பதால், அதுவே போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். குறுந்தொகையை மட்டும் எடுத்துக்கொண்டேன் என்பது எல்லை. நாமே விரும்பிப் போட்ட வேலி. நாம் விரும்பாமலே வந்து சேர்ந்து முடிவை வலுவிழக்கச் செய்வதே வரம்பு. சில வேளைகளில் அது ஆய்வாளரின் கையில் இல்லாமல் அளவுகோலிலேயே இருக்கும். அகழாய்வில் கிடைக்கும் கரித்துண்டுகளின் காலத்தைக் கதிரியக்கக் கார்பன் முறையில் கணிக்கும்போது, கிடைத்த அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்றப் பயன்படும் வளைகோடு, கி.மு. 800க்கும் கி.மு. 400க்கும் இடைப்பட்ட பகுதியில் ஏறத்தாழத் தட்டையாகக் கிடக்கிறது. ஆய்வகம் முப்பது ஆண்டுப் பிழைக்குள் அளந்து கொடுத்தாலும், நாட்காட்டி ஆண்டாக மாற்றும்போது அது சில நூற்றாண்டுகளுக்கு விரிந்துவிடக்கூடும். சங்க காலத்தின் தொடக்கத்தைத் தேடுவோருக்கு மிகவும் வேண்டிய நூற்றாண்டுகள் இவையே என்பதுதான் வேடிக்கை. இதற்காக எந்த ஆய்வாளரையும் குறை சொல்ல முடியாது. அந்த வீச்சை முழுமையாகக் கொடுக்காமல், அதன் பழமையான முனையை மட்டும் எடுத்துத் தலைப்பில் போட்டால் குறை சொல்லலாம்.

தேர்வாளர் பிடித்துக்கொள்வாரே என்ற அச்சத்துக்கு வருகிறேன். 1859இல் டார்வின் தம் பரிணாமக் கொள்கையை நூலாக வெளியிட்டபோது, கொள்கையில் உள்ள இடர்ப்பாடுகளுக்கென்றே ஓர் இயலையும், புதைபடிவச் சான்றுகளின் போதாமைக்கென்று இன்னொன்றையும் ஒதுக்கினார். இடைப்பட்ட உயிரினங்களின் படிவங்கள் அடுக்கடுக்காகக் கிடைக்காதது தம் கொள்கைக்கு எதிரான மிகக் கடுமையான மறுப்பு என்பதை அவரே எழுதினார். எதிரி கேட்கவிருந்த கேள்வியை அவனைவிடத் தெளிவாகக் கேட்டு, தம்மால் இயன்ற அளவு விடையும் சொன்னார். எழுதிய குறையைத் தேர்வாளர் பிடித்தால் உங்களிடம் பதில் ஆயத்தமாக இருக்கும். எழுதாத குறையைப் பிடித்தால் நான் விழித்ததுபோல் விழிக்க வேண்டியிருக்கும். எல்லாத் தேர்வாளர்களும் பெருந்தன்மையானவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குறையே இல்லாத களப்பணி என்றால், இவர் களத்துக்குப் போனாரா என்றே அவர்களுக்கு ஐயம் வரும்.

இந்தப் பகுதியை எழுத உட்காரும் முன், பழைய ஆய்வேடுகளை மூடி வைத்துவிட்டு உங்கள் களக்குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை படியுங்கள். தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்து நான் என்னுடையதைப் புரட்டியபோது, மூன்றாம் நாள் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் என் கையெழுத்திலேயே “தலைவி உடனிருந்தார், தனியே பேச முடியவில்லை” என்று எழுதியிருந்தது.