அந்த நீலப் படங்களை அழிக்காதீர்கள்

வணக்கம். போன மாதம் ராமேஸ்வரம் பக்கம், மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு கடலுக்குள் பார்க்கும் ஸ்நார்க்கெலிங் போனேன். வாடகைக் கேமராவில் எடுத்த படமெல்லாம் நீலமாக, மங்கலாக இருக்கிறது. எந்த மீன் என்றே தெரியவில்லை. நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா? இருப்பதை அழித்துவிடலாம் என்றிருக்கிறேன்.

க., மதுரை

அன்புள்ள க.,

கேமரா வாங்க அவசரப்படாதீர்கள். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான். ஆழம் மட்டுமல்ல, உங்களுக்கும் மீனுக்கும் நடுவே இருக்கிற தண்ணீரும் இதில் சேர்த்தி. அதனால் ஜூம் வேண்டாம், கிட்டே போங்கள். விலகினால் துரத்தாமல் அசையாமல் மிதந்திருங்கள். பல மீன்கள் தாமே திரும்பி வரும்.

'எந்த மீன் என்றே தெரியவில்லை' என்றீர்களே, என் மனம் அங்கேதான் நின்றது. பாறைக்குழி ஒன்றில், ஓடில்லாத கடல் நத்தை என்று நினைத்து, மேலிருந்து ஒரே ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். விவரம் தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டு, "தலையில் இரண்டு கொம்பு எங்கே? முதுகில் பூ மாதிரி செவுள் எங்கே?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. அது தட்டைப்புழு. விஷமுள்ள நத்தைகளின் நிறத்தை அப்படியே போட்டுக்கொள்ளும் தட்டைப்புழுக்கள் உண்டு. பக்கவாட்டில் ஒரு படம் எடுத்திருந்தால் காகிதம் போன்ற அந்த உடம்பே சொல்லியிருக்கும். இப்போதெல்லாம் மேலே, பக்கம், தலை, அப்புறம் அது உட்கார்ந்திருக்கும் இடம் என்று நான்கு படமாவது எடுக்கிறேன். குறிப்பிட்ட சில கடற்பஞ்சுகளை மட்டுமே தின்னும் நத்தைகள் பல. இடமும் அதன் அடையாளம்தான்.

பழக, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக் கடல் வற்றும் நேரத்தில் பாறைக்கரைக்குப் போங்கள். போன் போதும். மும்பையில் 2017இல் தொடங்கிய 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' குழு இப்படிக் கரையில் நடந்தே அந்த நகரத்துக் கடலுயிர்களைப் பதிவு செய்கிறது. கல்லைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வையுங்கள். அடியில் முட்டைகள் இருக்கும். கூம்பு வடிவச் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் கையில் எடுக்காதீர்கள், சிலவற்றின் கொட்டு உயிரையே வாங்கும். தேதியும் இடமும் சேர்த்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள், பெயர் சொல்ல ஆள் வருவார்கள்.

சரி, அந்த நீலப் படங்கள். மீனை விடுங்கள், பின்னணியைப் பாருங்கள். பவளம் தெரிகிறதா? 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. வெளுத்த பவளம் நீலப் படத்திலும் பளிச்சென்று தெரியும். அன்று பவளம் எப்படி இருந்தது என்பதற்கு உங்கள் படமே பதிவு. அதனால் அழிக்காமல், பவளம் உள்ள படங்களைத் தேதியோடு எனக்கு அனுப்புங்கள்.