வால்வு திறந்தால் வெப்பம் விழுகிறதே!

கேள்வி: நீராவி வெப்பப் பரிமாற்றியில் தண்ணீரை 65 டிகிரிக்குச் சூடாக்குகிறோம். இன்னொரு தொட்டிக்கு வால்வைத் திறந்ததும் 57-க்கு விழுந்து, பிறகு 70-ஐத் தாண்டுகிறது. பிஐடி கண்ட்ரோலரை (வெப்பம் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து நீராவியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) எப்படி டியூன் செய்தாலும் சரிவரவில்லை.
- வாசகர், பீன்யா, பெங்களூரு

பதில்: டியூனிங்கை விடுங்கள். வெளியே வரும் தண்ணீர் ஆறிய பிறகுதான் பிஐடிக்குச் சேதியே போகிறது. உள்ளே வரும் குழாயில் ஃப்ளோ மீட்டர் வைத்து, ஃபீட்ஃபார்வர்டு கொடுங்கள். அதாவது, ஓட்டம் மாறியதுமே, வெப்பம் விழுமுன் நீராவியை மாற்றிவிடுவது.

தேவையான நீராவிக் கணக்கு எளிது: மணிக்கு ஓடும் தண்ணீர் (கிலோ) × 4.19 × ஏற வேண்டிய டிகிரி ÷ 2,130. 4.19 என்பது ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றத் தேவையான கிலோஜூல். கடைசி எண், 3 பார் (கேஜ் அழுத்தம்) நீராவி ஒரு கிலோ தண்ணீராக மாறும்போது தரும் கிலோஜூல். 25 டிகிரித் தண்ணீர் 2,000 கிலோ என்றால் சுமார் 157 கிலோ நீராவி. 3,000 என்றால் 236. இதை நேரே நீராவி வால்வுக்கு அனுப்பாதீர்கள். பாய்லர் அழுத்தம் இறங்கினால் அதே திறப்பில் நீராவி குறையும். நீராவி ஓட்டத்தை அளந்து வால்வைத் திருத்தும் ஃப்ளோ லூப்பின் செட்பாயின்டாக (இலக்கு அளவாக) கொடுங்கள். பிஐடி இதோடு கூட்டிக் கழித்துத் திருத்தட்டும். பிஐடியைக் கழற்றிவிட்டால், கணக்கு கொஞ்சம் பிசகும்போது திருத்த ஆளிருக்காது.

சோதிக்க, பிஐடியை மேனுவலில் போட்டு (அது தானாகத் திருத்தாதபடி) தண்ணீர் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். வெப்பம் 65-க்குக் கீழே நிலைத்தால் ஃபீட்ஃபார்வர்டு கெயின் (ஓட்ட மாற்றத்துக்கு எவ்வளவு நீராவி என்ற பெருக்கம்) போதவில்லை. மேலே என்றால் அதிகம். முடிவில் சரியாக நின்று, நடுவில் மட்டும் குழி விழுந்தால் லீட் (சிக்னலை முந்த வைக்கும் அமைப்பு) கூட்டுங்கள். நடுவில் மேடு தட்டினால் லேக் (தாமதப்படுத்தும் அமைப்பு) கூட்டுங்கள். மீட்டர் சிக்னல் துடித்தால் துடிப்பைச் சமன்செய்யும் 1, 2 வினாடி ஃபில்டர் போதும். டிசம்பர்க் குளிரில் தண்ணீர் சில்லிடுவது மெதுவான மாற்றம். அதை பிஐடியே பார்த்துக்கொள்ளும்.